படம் பார்க்க மாதம் எவ்வளவு போகிறது? திருகோணமலை வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொமினிகேஷன் கடையில் நிற்பவனிடம் ரீலோட், போட்டோகொப்பிக்கு அடுத்ததாக இப்போது அதிகம் கேட்கப்படுவது நெட்பிளிக்ஸ் விஷயம்தான். உவர்மலையிலிருந்து வருபவரும் கிண்ணியாவிலிருந்து வருபவரும் கேட்பது அநேகமாக ஒன்றே: காசு ஏன் இப்படிக் கழிகிறது, எங்கே குறைக்கலாம்? கடையில் கூட்டம் நிற்கும்போது ஆறுதலாக விளக்க முடிவதில்லை. அதனால் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கேள்விகளைப் போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

ரூபாக் கணக்குகள் எல்லாம் ஒரு டொலர் 300 ரூபா என்று வைத்துப் போட்டவை. டொலர் விலையும் சந்தாவும் மாறும். நீங்கள் பார்க்கும் நாளின் விலையை வைத்து அதே கணக்கைத் திரும்பப் போட்டுக்கொள்ளுங்கள்.

தம்பி, வீட்டில டயலொக் ரிவி இருக்கு, போனில யூடியூப் இருக்கு. பிறகென்னத்துக்கு நெட்பிளிக்ஸுக்கு வேற காசு?

உங்கள் வீட்டுக்குத் தேவையில்லாமலும் இருக்கலாம். டிஷ் இணைப்பில் அலைவரிசைகளுக்கு மாதக் காசு கட்டுகிறோம், அவர்கள் போடுகிற நேரத்தில் போடுகிறதைப் பார்க்கிறோம். அதற்கு டேட்டா போகாது. நெட்பிளிக்ஸ், அமேசான் பிரைம் வீடியோ போன்றவை இணையத்தில் ஓடுபவை. நினைத்த நேரத்தில் நினைத்த படத்தைப் போடலாம். ஆனால் சந்தா ஒரு செலவு, டேட்டா இன்னொரு செலவு. இரண்டும் 2016இலேயே இலங்கைக்கு வந்துவிட்டன. இந்தக் கேள்விகள் இவ்வளவு பெருகியது ஸ்மார்ட் ரிவி வீட்டுக்கு வீடு வந்த பிறகுதான்.

வீட்டில் பார்ப்பது செய்தியும் மாலை நேரச் சீரியலும் மட்டும் என்றால் சக்தி, வசந்தம், நேத்ரா எல்லாம் சாதாரண அன்ரனாவிலேயே சும்மா வருகின்றன. அப்படிப்பட்ட வீட்டில் சந்தா எடுக்க நான் சொல்லவே மாட்டேன்.

8 டொலர் எண்டுதான் போட்டிருந்தது. பாங்க் மெசேஜில வேற கணக்கு வருதே?

சந்தா டொலரில் கழிகிறது, உங்கள் கணக்கு ரூபாவில் இருக்கிறது. வங்கி தன்னுடைய விற்பனை விலையில் டொலரை மாற்றும். அதற்கு மேல் வெளிநாட்டுக் கொடுப்பனவுக்கான மாற்றுக் கட்டணம், முத்திரை வரி போன்றவையும் சேரலாம். 8 டொலர் 2,400 ரூபா என்று கணக்குப் போட்டிருந்தால் மெசேஜில் அதைவிடக் கூடவே வரும். எந்த வீதத்தில் பிடிக்கிறார்கள் என்பதை உங்கள் வங்கிக் கிளையில் கேட்டால் சொல்வார்கள். வங்கிக்கு வங்கி இது வேறுபடும். வீட்டில் இரண்டு பேரிடம் கார்ட் இருந்தால் கேட்டுப் பார்த்துக் குறைந்ததைப் போடுங்கள்.

டொலர் ஏறினால் நிறுவனம் விலையைத் தொடாமலே நமக்குச் செலவு ஏறும். 2022 தொடக்கத்தில் டொலர் 200 ரூபாவை ஒட்டி நின்றது. அந்த வருடம் மே மாதத்தில் 360 ரூபா வரை போனது. அதே 8 டொலர் 1,600 ரூபாவிலிருந்து 2,880 ரூபாவாகியது. சம்பளம் அப்படி ஏறவில்லை.

வற் வரியையும் மனதில் வைத்திருங்கள். 2024 ஜனவரியிலிருந்து இலங்கையில் வற் 18 வீதம். வெளிநாட்டிலிருந்து வரும் டிஜிட்டல் சேவைகளுக்கும் அதை விதிக்க 2025இல் சட்டம் திருத்தப்பட்டது. முதலில் 2025 ஒக்டோபர் என்றார்கள், பிறகு 2026 ஏப்ரலுக்குத் தள்ளினார்கள். உங்கள் பில்லில் வரி என்று தனியாக ஒரு தொகை வந்திருந்தால் காரணம் அதுதான். 8 டொலருக்கு 18 வீதம் என்றால் 1.44 டொலர், அதாவது 432 ரூபா.

என்னட்ட கிரெடிட் கார்ட் இல்ல. மச்சான்ட கார்ட்டைப் போடலாமா?

போடலாம், ஆனால் நான் விரும்புவதில்லை. நீங்கள் பார்ப்பதை நிறுத்தின பிறகும் அவருடைய கணக்கில் கழியும். இரண்டு மாதம் கழித்து அவர் கேட்கும்போது முகம் கொடுக்கக் கஷ்டம்.

விசா அல்லது மாஸ்டர் டெபிட் கார்ட் அநேகமாகப் போதும். இணையத்தில் வெளிநாட்டுக்குக் காசு கட்டும் வசதி அந்தக் கார்ட்டில் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை என்றால் வங்கிக்கு எடுத்துச் சொல்லித் திறக்கலாம், சில வங்கிகளின் செயலியிலேயே செய்யலாம். சம்பளக் கணக்கின் கார்ட்டைப் போடாமல் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கின் கார்ட்டைப் போட்டு, அந்த மாதத்துக்கு வேண்டியதை மட்டும் அதில் விட்டு வையுங்கள். நீங்கள் மறந்தாலும் கணக்கில் காசு இல்லாவிட்டால் கழியாது. செலவைக் கட்டுக்குள் வைக்க இதைவிட இலகுவான வழி எனக்குத் தெரியவில்லை.

வீட்டில நாலு பேர் இருக்கிறம். நாலு பேருக்குப் பெரிய பிளான்தானே வேணும்?

ஆட்களை எண்ண வேண்டாம், ஒரே நேரத்தில் எத்தனை திரை ஓடுகிறது என்று எண்ணுங்கள். நெட்பிளிக்ஸில் ஒரு கணக்கில் 5 பெயர்கள் (புரொபைல்) வரை தனித்தனியாக வைக்கலாம், அதற்குக் காசு இல்லை. பேசிக் திட்டத்தில் ஒரு நேரத்தில் ஒரு திரை, ஸ்டாண்டர்ட்டில் இரண்டு, பிரீமியத்தில் நான்கு. பதிவு செய்யும் பக்கத்தில் மொபைல் திட்டம் என்று ஒன்று காட்டினால் அது போன், டப்லட் இரண்டுக்கு மட்டும். ரிவியில் ஓடாது.

நம்முடைய வீடுகளில் பெரும்பாலும் ஒரு ரிவிதான். இராச்சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் அதற்கு முன்னால்தான் இருக்கிறோம். அப்படி என்றால் பேசிக் போதும். பிள்ளை அறைக்குள் போனில் வேறு ஏதாவது பார்ப்பார் என்றால் ஸ்டாண்டர்ட். பிரீமியத்தின் முக்கிய வித்தியாசம் 4கே தெளிவு. நான்கு திரை தேவையில்லை, உங்கள் ரிவியும் 4கே இல்லை என்றால் அந்த மேலதிகக் காசுக்கு ஒன்றும் கிடைக்காது. 32 அங்குல ரிவியில் 4கே இருப்பது அரிது. பெட்டியிலோ பின்பக்க ஸ்டிக்கரிலோ பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

தவறிப் பெரிய திட்டம் எடுத்திருந்தால் பயப்பட வேண்டாம். இப்போதே குறைத்து வைத்தால் அடுத்த பில் திகதியிலிருந்து குறைந்த விலை வரும், அதுவரை கட்டின திட்டம் அப்படியே ஓடும்.

டேட்டா போட்டு நாலு நாளில முடியுது. படத்தாலதானா, இல்ல வேற யாரும் வை-ஃபை எடுக்கிறாங்களா?

பக்கத்து வீட்டுப் பிள்ளையைச் சந்தேகப்படுவதற்கு முன் இந்தக் கணக்கைப் பாருங்கள். நெட்பிளிக்ஸே சொல்லும் அளவுகள் இவை. தரத்தைக் குறைவில் வைத்தால் மணிக்கு 0.3 ஜிபி, நடுத்தரத்தில் 0.7 ஜிபி, எச்டியில் 3 ஜிபி வரை, 4கேயில் 7 ஜிபி வரை. ஒரு வீட்டில் தினமும் 2 மணித்தியாலம் ஓடுகிறது என்று வையுங்கள். மாதத்துக்குக் குறைவில் 18 ஜிபி, நடுத்தரத்தில் 42 ஜிபி, எச்டியில் 180 ஜிபி வரை. அதே படம், அதே சோபா, பத்து மடங்கு டேட்டா. உங்கள் மாதப் பாக்கேஜில் எத்தனை ஜிபி இருக்கிறது என்று பார்த்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். பல வீடுகளில் சந்தாவைவிட டேட்டாவுக்குத்தான் அதிகம் போகிறது, அது படத்தின் கணக்கில் சேர்வதில்லை என்பதால் யாருக்கும் தெரிவதில்லை.

மாற்றும் இடம் ரிவியில் இல்லை, அதனால்தான் பலர் தேடிக் களைத்துவிடுகிறார்கள். போனில் குரோம் போன்ற ஒரு பிரவுசரைத் திறந்து நெட்பிளிக்ஸ் தளத்துக்குள் போய், கணக்குப் பக்கத்தில் உங்கள் பெயரைத் தெரிவு செய்து, பிளேபேக் செட்டிங்ஸ் என்பதைத் திறக்க வேண்டும். அங்கே ஓட்டோ, லோ, மீடியம், ஹை என்று நான்கு வட்டங்கள் இருக்கும். மீடியத்தைத் தொட்டு சேவ் கொடுத்துவிடுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். அம்மாவின் பெயரில் மாற்றிவிட்டு மகனின் பெயரில் விட்டுவிட்டால் டேட்டா அந்த வழியால் போய்க்கொண்டே இருக்கும். ரிவியில் மாற்றம் தெரியாவிட்டால் ஒருமுறை வெளியேறித் திரும்ப உள்ளே போங்கள்.

போனில் சிம் டேட்டாவில் பார்ப்பவர்களுக்குச் செயலிக்குள்ளேயே சேவ் டேட்டா என்று ஒரு தெரிவு இருக்கிறது. அதில் ஒரு ஜிபிக்கு 6 மணித்தியாலம் அளவில் பார்க்கலாம். சின்னத் திரையில் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. யூடியூப்பிலும் இதே கதைதான். வீடியோவின் தரத்தை 480க்கு இறக்கினால் 1080இல் போவதில் ஒரு சிறு பங்குதான் போகும். பாட்டை மட்டும் கேட்க யூடியூப்பைப் போட்டுவிட்டுக் குசினிக்குள் வேலை பார்ப்பவர்கள் 144இலேயே வைக்கலாம்.

ஃபைபர் இல்ல, 4ஜி ரூட்டர்தான். படம் சுத்திச் சுத்தி நிக்குது. பெரிய பிளானுக்கு மாறினாச் சரியாகுமா?

ஆகாது. இன்னும் மோசமாகலாம். 720க்கு நொடிக்கு 3 மெகாபிட், 1080க்கு 5, 4கேக்கு 15 என்று நெட்பிளிக்ஸ் சொல்கிறது. இரவு 8 மணிக்கு எல்லோரும் ஒரே கோபுரத்தில் தொங்கும்போது உங்கள் ரூட்டருக்கு 3 வருவதே பாடாக இருந்தால் பெரிய திட்டம் என்ன செய்யும்? முந்தின பதிலில் சொன்னபடி தரத்தை மீடியத்துக்கு இறக்குங்கள். ரூட்டரை அலுமாரிக்குப் பின்னால் வைக்காமல் ஜன்னலோரம் வையுங்கள். இரண்டுக்கும் காசு இல்லை.

டவுன்லோட் பண்ணிப் பார்த்தா டேட்டா மிச்சமா?

ஒரே தரத்தில் இறக்கினால் டேட்டா ஒன்றுதான். மிச்சம் வேறு இடத்தில் வருகிறது. ஒன்று, சில பாக்கேஜ்களில் நள்ளிரவுக்குப் பிறகு தனி டேட்டா கிடைக்கும். பகலில் தொட முடியாத அந்த டேட்டா பல வீடுகளில் அப்படியே காலாவதியாகிறது. படுக்கப் போகும் முன் நேரம் பார்த்து டவுன்லோட் போட்டுவிட்டால் அடுத்த நாள் பகல் டேட்டாவைத் தொடாமல் பார்க்கலாம். இரண்டு, பிள்ளைகள் திரும்பத் திரும்பப் பார்க்கும் கார்ட்டூன். ஒருமுறை இறக்கி வைத்தால் பத்துத் தரம் பார்த்தாலும் டேட்டா ஒருமுறைதான்.

கொழும்புக்கு ரயிலிலோ பஸ்ஸிலோ போகிறவர்களும் வீட்டு வை-ஃபையில் இறக்கிக்கொண்டு போங்கள். கந்தளாய் தாண்டிக் காட்டுப் பகுதிக்குள் போனதும் சிக்னல் விட்டு விட்டு வரும். இறக்கின படங்களுக்கும் காலக்கெடு உண்டு, சிலது பார்க்கத் தொடங்கி 48 மணித்தியாலத்தில் பூட்டிக்கொள்ளும். புறப்படும் அன்றே இறக்குவது நல்லது.

பிள்ளையள் விடாம அடுத்தது அடுத்தது எண்டு பார்க்குதுகள். நிப்பாட்ட வழி இருக்கோ?

அடுத்த பகுதி தானாக ஓடுவதை நிறுத்தலாம். மேலே டேட்டாவுக்குச் சொன்ன அதே பிளேபேக் செட்டிங்ஸ் பக்கத்தில்தான் ஓட்டோபிளே தெரிவும் இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் ஒரு பகுதி முடிந்ததும் நிற்கும். பிள்ளைகளுக்குக் கிட்ஸ் பெயர் ஒன்றும், பெரியவர்களின் பெயருக்கு நான்கு இலக்க இரகசிய எண்ணும் (PIN) போட்டு வையுங்கள்.

ஓ.எல்., ஏ.எல். எழுதுகிற பிள்ளை இருக்கிற வீட்டில் அந்தக் கடைசி மாதங்களுக்குச் சந்தாவையே நிறுத்தலாம். பிள்ளைக்கு மட்டும் தடை போட்டுவிட்டு மற்றவர்கள் முன்னறையில் பார்ப்பது அந்தப் பிள்ளைக்கு நியாயமில்லை. நிறுத்தினால் என்ன ஆகும், திரும்ப வரும்போது என்ன இருக்கும் என்பதை அடுத்த பதிலில் சொல்கிறேன்.

நெட்பிளிக்ஸ், பிரைம் ரெண்டும் வேணும் எண்டு பிள்ளையள் சண்டை. ரெண்டையும் வைச்சிருக்கக் கட்டுபடியாகாது. என்ன செய்யலாம்?

மாற்றி மாற்றி எடுங்கள். இதை நான் எல்லோருக்கும் சொல்கிறேன், கேட்காதவர்களுக்கும் சொல்கிறேன். இவை மாதச் சந்தா. தண்ணீர் இணைப்பு மாதிரி வெட்டினால் திரும்ப எடுக்க விண்ணப்பம் போட வேண்டியதில்லை. நெட்பிளிக்ஸில் இன்றைக்கு இரத்துச் செய்தாலும் கட்டின மாதம் முடியும்வரை பார்க்கலாம். பார்த்த இடம், உங்கள் பட்டியல் எல்லாம் 10 மாதம் வரை அவர்களிடம் இருக்கும். அதற்குள் திரும்ப வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

கணக்கு: ஒன்று 8 டொலர், மற்றது 6 டொலர் என்று வையுங்கள். இரண்டையும் வருடம் முழுக்க வைத்தால் 168 டொலர், அதாவது 50,400 ரூபா. ஒரு மாதம் அது, ஒரு மாதம் இது என்று எடுத்தால் 84 டொலர், 25,200 ரூபா. வரியும் வங்கிக் கட்டணமும் அதோடு சேர்ந்து பாதியாகும். பிள்ளைகளுக்குக் குறையும் ஒன்றும் இல்லை. ஒரு மாதத்தில் ஒரு சேவையில் உள்ள நல்லதைப் பார்த்து முடிக்கவே நேரம் போதாது.

இன்னும் குறைக்க விரும்பினால் ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர் பள்ளி விடுமுறைகளுக்கு மட்டும் எடுங்கள். தொடர் ஒன்று வாராவாரம் வருகிறது என்றால் முழுவதும் வந்து முடிந்த பிறகு ஒரு மாதம் எடுத்து மொத்தமாகப் பாருங்கள். என் அனுபவத்தில் இரத்துச் செய்ய நல்ல நேரம் காசு கட்டின அன்றே. கட்டி முடித்த கையோடு இரத்தைப் போட்டுவிடுங்கள், மாதம் முழுக்கப் பார்க்கலாம், மறந்துபோகப் பயமும் இல்லை.

வருசச் சந்தா எடுத்தா மலிவு எண்டு காட்டுதே. அது லாபம்தானே?

வருடத்தில் எத்தனை மாதம் உண்மையிலேயே பார்ப்பீர்கள் என்பதைப் பொறுத்தது. பத்து மாதக் காசுக்குப் பன்னிரண்டு மாதம் தருகிறார்கள் என்று வையுங்கள். நீங்கள் மேலே சொன்ன மாதிரி ஆறு மாதம்தான் எடுப்பவர் என்றால் நான்கு மாதக் காசு வீண். வீட்டில் ஒருவர் அன்றாடம் பார்க்கிறார், அதுவும் அந்த ஒரு சேவையில்தான் என்றால் வருடச் சந்தா சரி. எனக்குத் தெரிந்த வீடுகளில் அப்படி மிகக் குறைவு.

நான் ஆப்பை அழிச்சுப்போட்டன் தம்பி. இந்த மாசமும் கழிஞ்சிருக்கு!

செயலியை அழிப்பது சந்தாவை நிறுத்தாது. சந்தா உங்கள் போனில் இல்லை, அவர்களின் கணக்கில் இருக்கிறது. போனை விற்றாலும் கழியும்.

முதலில் வங்கி மெசேஜில் யாருடைய பெயர் வருகிறது என்று பாருங்கள். சேவையின் பெயரே வந்தால் அவர்களின் தளத்துக்குள் போய் இரத்துச் செய்ய வேண்டும். கூகிள் என்று வந்தால் பிளே ஸ்டோரைத் திறந்து, மேலே வலப்பக்கம் உள்ள உங்கள் படத்தைத் தொட்டு, பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் என்பதற்குள் போங்கள். ஓடிக்கொண்டிருக்கும் சந்தாக்கள் எல்லாம் அங்கே வரிசையாக நிற்கும். கடைக்கு வந்த ஓர் அம்மாவின் போனில் இந்தப் பட்டியலைத் திறந்தபோது, அவர் கேட்டு வந்த சேவைக்குக் கீழே பேரன் எடுத்த விளையாட்டு ஒன்றும் போட்டோ அழகாக்கும் செயலி ஒன்றும் இருந்தன. மூன்றையும் அங்கேயே நிறுத்தினோம். எல்லோரும் ஒருமுறை இந்தப் பட்டியலைத் திறந்து பாருங்கள்.

இரத்துச் செய்ததும் மின்னஞ்சலில் உறுதி வரும். அது வரும்வரை நிறுத்தியதாக நினைக்க வேண்டாம்.

ஒரு மாசம் ஃப்ரீ எண்டு வந்தது. எடுக்கலாமா?

நெட்பிளிக்ஸ் இலவச மாதம் தருவதில்லை. அதன் பெயரில் அப்படி ஒரு லிங்க் வட்ஸ்அப்பில் வந்தால் தொட வேண்டாம், கார்ட் விபரம் பறிக்கத்தான். வேறு சேவைகள் தந்தால் எடுக்கலாம். கார்ட் கேட்பார்கள், நாள் முடிந்ததும் தானாகக் கழியும். முன்னே சொன்ன மாதிரி உடனே இரத்தைப் போடுவது இங்கே எப்போதும் சரிவராது. சில சேவைகளில் இலவச நாட்களுக்குள் இரத்துச் செய்தால் அந்த நிமிடமே பார்ப்பதும் நின்றுவிடும். முடியும் திகதிக்கு இரண்டு நாள் முன்னதாகப் போனில் அலாரம் வையுங்கள்.

கனடாவில இருக்கிற அண்ணா தன்ட பாஸ்வேர்ட் தந்தவர். முந்தி ஓடினது, இப்ப ரிவியில வீடு அது இது எண்டு கேக்குது. என்ன பிழை?

பிழை ஒன்றும் இல்லை, விதி மாறியது. ஒரு கணக்கு ஒரு வீட்டுக்குத்தான் என்று நெட்பிளிக்ஸ் 2023இல் இறுக்கியது. முதலில் கனடா உட்படச் சில நாடுகள், அந்த வருடம் மே மாதம் அமெரிக்காவும் நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளும். அண்ணாவின் வீட்டு ரிவி இருக்கும் இணைய இணைப்பை வைத்து எது அவருடைய வீடு என்று தீர்மானிக்கிறார்கள். அலஸ் தோட்டத்தில் இருக்கும் உங்கள் ரிவி அந்த வீட்டுக்குள் வராது. அண்ணாவுக்கு வரும் குறியீட்டை நீங்கள் போன் போட்டு வாங்கினால் கொஞ்ச நாள் ஓடும். அது பயணத்தில் இருப்பவர்களுக்கான வசதி, மாதக்கணக்கில் ஓடாது.

மட்டக்களப்பில் இருக்கும் தங்கச்சியோடு பகிர்வதற்கும் இதே விதிதான். உதவ விரும்பும் அண்ணாவிடம் உங்கள் பெயரில் புதுக் கணக்கு எடுத்து அவருடைய கார்ட்டைப் போடலாமா என்று கேட்டுப் பாருங்கள். இலங்கையில் எடுத்தால் இலங்கை விலைதான் வரும், அது கனடா விலையைவிடக் குறைவு.

பேஸ்புக்கில மாசம் 400 ரூபாவுக்கு நெட்பிளிக்ஸ் விக்கிறாங்கள். வாங்கினா என்ன?

ஒரு பிரீமியம் கணக்கை எடுத்து அதிலுள்ள பெயர்களைத் துண்டு போட்டு விற்கிறார்கள். நிபந்தனைகளுக்கு மாறானது. அண்ணாவின் கணக்குக்கு நடந்ததே இங்கும் நடக்கும்: வீடு எது என்று கேட்டுப் பூட்டிக்கொள்ளும். அப்போது விற்றவர் பதில் போட மாட்டார், காசைத் திருப்பிக் கேட்க ரசீதும் இல்லை. அந்தக் கணக்கே களவு போன கார்ட்டில் எடுத்ததாகவும் இருக்கலாம். விற்பவர் உங்கள் ஜிமெயில் பாஸ்வேர்ட் கேட்டால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

கையில் மாதம் 400 ரூபாதான் இதற்கு ஒதுக்க முடியும் என்றால், சேர்த்து வைத்து விடுமுறை மாதத்தில் முறையாக ஒரு மாதம் எடுங்கள். அந்த மாதம் முழுவதும் யாருக்கும் பயப்படாமல் பார்க்கலாம்.

டெலிகிராமில எல்லாப் படமும் சும்மா வருது. ஏன் காசு கட்டுவான்?

சும்மா என்பது சரியில்லை. நல்ல தெளிவில் ஒரு தமிழ்ப் படத்தின் கோப்பு இரண்டு ஜிபிக்கு மேல் போகும். நடுத்தரத்தில் இரண்டரை மணித்தியாலப் படத்துக்கு நெட்பிளிக்ஸில் 1.75 ஜிபி. டேட்டாக் காசு உங்களுக்கு எப்படியும் போகிறது. கூடவே தெரியாத கோப்பு ஒன்று போனுக்குள் வருகிறது. படம் என்று நினைத்து வேறு செயலியை நிறுவிவிட்டு வங்கி ஓடிபி வரும் போனையே திறந்து கொடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

சட்டப்படியும் குற்றம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் படத்துக்கும் பொருந்தும். நம்முடைய பிள்ளைகளும் இப்போது குறும்படம் எடுக்கிறார்கள், பாட்டுப் போடுகிறார்கள். அவர்களின் உழைப்பை யாரும் இப்படி எடுத்தால் நமக்கு எப்படி இருக்கும் என்று யோசிக்க வேண்டும்.

எனக்குத் தமிழ்ப் படம் மட்டும்தான் வேணும். எதை எடுக்க? விபிஎன் போட்டு இந்தியாவில இருக்கிறதை எடுக்கலாமா?

புதுத் தமிழ்ப் படங்கள் ஒரே இடத்துக்கு வருவதில்லை. ஒன்று நெட்பிளிக்ஸுக்குப் போகும், அடுத்தது பிரைமுக்கு, இன்னொன்று இந்தியாவுக்குள் மட்டும் ஓடும் சேவைக்கு. உரிமையை நாட்டுக்கு நாடு தனியாக விற்பதால் சென்னையில் இருக்கும் உறவினருக்குத் தெரியும் படம் உங்களுக்குத் தெரியாமல் போகலாம். அதனால் காசு கட்டும் முன் நீங்கள் பார்க்க விரும்பும் நான்கைந்து படங்களின் பெயரை எழுதிக்கொண்டு, இலங்கையிலிருந்து அந்தந்த சேவையில் இருக்கிறதா என்று தேடுங்கள். எதில் அதிகம் இருக்கிறதோ அதை அந்த மாதம் எடுங்கள்.

விபிஎன் என்பது நீங்கள் வேறு நாட்டில் இருப்பது போலக் காட்டும் செயலி. அதன் கணக்கைப் பாருங்கள். நல்ல விபிஎன்னுக்கும் டொலரில் காசு. இந்தியச் சேவைகள் பலவற்றுக்கு இந்திய போன் இலக்கம் வேண்டும், இந்தியக் கார்ட்டும் கேட்கலாம். நெட்பிளிக்ஸில் விபிஎன் கண்டுபிடிக்கப்பட்டால் உலகம் முழுக்க உரிமை உள்ளவற்றை மட்டும்தான் காட்டும், இருந்த படமும் மறைந்துவிடும். இலவச விபிஎன் வேண்டவே வேண்டாம். வீட்டின் எல்லா இணையப் போக்குவரத்தையும் முகம் தெரியாத ஒருவரின் கையில் கொடுக்கிறீர்கள்.

ரெண்டு தரம் கழிஞ்ச மாதிரி மெசேஜ் வந்திருக்கு. என்ன செய்ய?

கார்ட் வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு தொகையைப் பிடித்து வைத்துவிட்டுப் பிறகு விடுவிப்பார்கள். அதற்கும் வங்கி மெசேஜ் அனுப்பும். சில நாள் பொறுத்து மீதியைப் பாருங்கள். திரும்பி வராவிட்டால் நெட்பிளிக்ஸ் கணக்கின் பில் பக்கத்தில் எத்தனை கட்டணம் இருக்கிறது என்று படம் பிடித்துக்கொண்டு வங்கியில் முறையிடுங்கள். அங்கே இரண்டு இருந்தால் வீட்டில் இரண்டு பேர் தனித்தனிக் கணக்குத் திறந்திருக்கலாம். மகன் ஒரு மின்னஞ்சலிலும் அப்பா ஒரு மின்னஞ்சலிலும் எடுத்து ஒரே கார்ட்டைப் போட்ட வீடு ஒன்றை நானே பார்த்தேன்.

நிலாவெளியில சின்னதா கெஸ்ட்ஹவுஸ் வைச்சிருக்கிறன். ஆறு அறைக்கும் ஒரு பிரீமியம் கணக்குப் போட்டு விட்டா விருந்தாளியளுக்கு நல்லம்தானே?

நெட்பிளிக்ஸ் கணக்கு சொந்தப் பாவனைக்கு மட்டும், வியாபாரத்துக்கு அல்ல என்று நிபந்தனையிலேயே இருக்கிறது. விதியை விட்டாலும் நான்கு திரைக்கு மேல் ஓடாது. ஐந்தாவது அறையில் இருப்பவர் இரவு பத்து மணிக்கு உங்களைக் கூப்பிடுவார். உங்கள் வீட்டுக் கணக்கை அறை ரிவியில் போட்டால் கணக்கு விபரமும் பார்த்த பட்டியலும் வருபவர் போகிறவருக்கெல்லாம் தெரியும்.

ஸ்மார்ட் ரிவியை மட்டும் வைத்து, விருந்தாளி தன்னுடைய கணக்கில் உள்ளே போகட்டும். வெளிநாட்டவர்கள் பெரும்பாலும் கணக்கோடுதான் வருகிறார்கள். அறையைத் துப்புரவாக்கும்போது ரிவியிலும் வெளியேற்றிவிடுங்கள், அடுத்தவர் முந்தினவரின் கணக்கில் பார்க்கக் கூடாது. உங்கள் செலவு டேட்டாவில்தான் வரும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை சீசனில் ஆறு அறையும் எச்டியில் ஓடினால் மேலே போட்ட 180 ஜிபிக் கணக்கை ஆறால் பெருக்குங்கள். விருந்தாளிகளுக்கு வை-ஃபையில் தனிப் பெயர் கொடுத்து, ரூட்டரில் அந்தப் பெயரில் வரும் ஒவ்வொரு கருவிக்கும் வேக எல்லை போட முடிந்தால் நொடிக்கு 3 அல்லது 4 மெகாபிட் வையுங்கள். படம் நிற்காமல் ஓடும், தரம் தானாக இறங்கிக்கொள்ளும். ரூட்டரில் அந்த வசதி இருக்கிறதா என்று தெரியாவிட்டால் அதன் அடியில் ஒட்டியிருக்கும் மாடல் இலக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு கடைக்கு வாருங்கள், பார்த்துச் சொல்கிறேன்.